இணையத்தில் பெயர் கெட்டால்: அறிகுறி பார்த்துச் சரிசெய்யும் வழிமுறை

பெங்களூரில் வேலை தரும் எச்.ஆர்., வீடு தரும் ஓனர், வரன் பார்க்கும் குடும்பம் என்று யாராக இருந்தாலும் இன்று முதலில் பெயரையும் நம்பரையும் தேடிப் பார்க்கிறார்கள். அங்கே வேண்டாதது வந்தால் எங்கே கை வைப்பது என்பதை அறிகுறி வாரியாகக் கீழே பார்க்கலாம். ஒவ்வொரு அறிகுறியிலும் செலவில்லாத வழியை முதலில் வைத்திருக்கிறோம், வக்கீல் செலவு கடைசியில் வரும். அந்தரங்கப் படம், மார்ஃபிங், பண மிரட்டல் என்றால் அடுத்த பகுதியை மட்டும் வேகமாகப் படித்துவிட்டு நேராக அறிகுறி 1-க்குப் போய்விடுங்கள்.

## எந்த அறிகுறியானாலும் முதல் 20 நிமிடம்

பதறிப்போய் முதலில் செய்யும் தவறு, "உடனே டெலீட் பண்ணு" என்று எதிராளிக்கு மெசேஜ் போடுவது. அவர் அழித்துவிடுவார், உங்களிடம் சான்று இருக்காது. இரண்டு வாரம் கழித்து வேறு பெயரில் அதே பதிவு திரும்ப வரும்போது போலீஸிடம் காட்ட எதுவும் மிஞ்சாது. அதனால் சான்றை எடுத்து வைத்த பிறகே எதையும் நீக்கச் சொல்ல வேண்டும்.

முடிந்தால் கம்ப்யூட்டரில் எடுங்கள். முகவரிப் பட்டை முழுதாகத் தெரிய வேண்டும், தேதியும் நேரமும் திரையில் இருக்க வேண்டும். ஓரம் வெட்டாதீர்கள். லிங்கைத் தனியாக ஒரு கோப்பில் ஒட்டி வையுங்கள். ஃபேஸ்புக்கிலும் இன்ஸ்டாகிராமிலும் கணக்கின் பெயரை நினைத்த நேரத்தில் மாற்றலாம் என்பதால், பெயர் தெரியும் படம் மட்டும் போதாது, ப்ரொஃபைல் லிங்க்கும் வேண்டும். வாட்ஸ்அப் என்றால் அந்தச் செய்தியை அழிக்காமல் வைத்திருங்கள், சாட்டை எக்ஸ்போர்ட் செய்து மெயிலில் போட்டுக்கொள்ளுங்கள். செய்தி வந்த போனே மூலச் சான்று. எக்ஸ்சேஞ்ச் ஆஃபரில் கொடுத்துவிடாதீர்கள். மின்னணுச் சான்றை நீதிமன்றத்தில் தாக்கல் செய்யும்போது பாரதிய சாக்ஷ்ய அதினியம் (சாட்சியச் சட்டம்) 2023-இன் 63-ஆம் பிரிவுப்படி சான்றிதழ் கேட்பார்கள். எந்தக் கருவியில் எடுத்தது என்ற விவரத்தையும் கோப்பின் ஹாஷ் மதிப்பையும் (கோப்பிலிருந்து கணக்கிடும் தனி எண்கோவை) அதில் எழுத வேண்டும்.

அடுத்து, பிரச்சினை எங்கே உட்கார்ந்திருக்கிறது என்று பிரித்துப் பாருங்கள். பதிவு இருக்கும் தளம், அதைக் காட்டும் தேடல், அதைச் சேமித்து வைத்திருக்கும் மற்றவர்களின் போன் ஆகியவை மூன்று தனித்தனி இடங்கள். கூகுளில் எடுத்தாலும் தளத்தில் பதிவு அப்படியே இருக்கும். தளத்தில் எடுத்தாலும் கூகுளில் அதன் நிழல் சில நாள் நிற்கும். போன்களில் இருப்பதை மனிதர்கள்தான் அழிக்க முடியும். புகார் தள்ளுபடியாவதற்குப் பெரும்பாலும் தவறான இடத்தில் மனு போட்டதே காரணம்.

தேடும்போது இன்காக்னிட்டோவில் தேடுங்கள், உங்கள் பழைய தேடல்கள் குறுக்கே வராது. பெயரை மேற்கோள் குறிக்குள் போடுங்கள். தமிழ்ப் பெயருக்கு ஆங்கிலத்தில் ஒரே எழுத்துக்கூட்டு கிடையாது என்பதால் 'எச்' சேர்த்தும் சேர்க்காமலும், இனிஷியல் முன்னாலும் பின்னாலும், அப்பா பெயரை விரித்தும் தேட வேண்டும். தமிழிலும் கன்னடத்திலும் ஒருமுறை பாருங்கள். போன் நம்பரைப் பத்து இலக்கமாகச் சேர்த்து ஒரு தடவை, ஐந்தைந்தாகப் பிரித்து ஒரு தடவை. டிபி படத்தைக் கூகுள் லென்ஸில் போட்டால் அது வேறு எங்கெல்லாம் ஒட்டப்பட்டிருக்கிறது என்பதும் தெரியலாம்.

## அறிகுறி 1: அந்தரங்கப் படம், மார்ஃப் செய்த படம், "காசு அனுப்பு, இல்லைன்னா எல்லாருக்கும் அனுப்புவேன்"

இதில் செலவு வாரியாக வரிசைப்படுத்த நேரமில்லை. எல்லாவற்றையும் அன்றைக்கே செய்ய வேண்டும்.

பணம் அனுப்பாதீர்கள். ஒருமுறை அனுப்பினால் மறுபடி கேட்பார்கள், தொகையும் ஏறும். ஏற்கெனவே அனுப்பியிருந்தால் உடனே சைபர் மோசடி உதவி எண்ணான 1930-க்கு அழைத்து, வங்கிச் செய்தியில் இருக்கும் யுடிஆர் (பணப் பரிமாற்ற) எண்ணைச் சொல்லுங்கள். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறீர்களோ அந்த அளவுக்குப் பணத்தை நடுவில் நிறுத்த வாய்ப்பு அதிகம். மிரட்டுபவரின் நம்பர், யுபிஐ ஐடி, ப்ரொஃபைல் லிங்க் எல்லாவற்றையும் எடுத்துவிட்டுப் பிறகு பிளாக் செய்யுங்கள். உங்கள் கணக்கை நிரந்தரமாக அழிக்க வேண்டாம். சில நாள் டீஆக்டிவேட் செய்தால் நண்பர் பட்டியல் மறைந்துவிடும், சான்றும் போகாது.

படத்தில் இருப்பவர் 18 வயது நிரம்பியவர் என்றால் ஸ்டாப்என்சிஐஐ தளத்துக்குப் போங்கள். இது 2021 டிசம்பரில் தொடங்கியது, கட்டணம் இல்லை. படம் உங்கள் போனை விட்டு வெளியே போகாது. படத்திலிருந்து ஒரு எண்கோவை மட்டும் உருவாக்கி ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம் போன்ற பங்கேற்கும் தளங்களுக்கு அனுப்புவார்கள், அதே படம் அங்கே ஏறினால் தடுக்கப்படும். முடிவில் தரும் வழக்கு எண்ணையும் பின்னையும் குறித்து வையுங்கள், தொலைந்தால் நிலவரம் பார்க்க முடியாது. படத்தை வெட்டியோ திருத்தியோ ஏற்றினால் எண்கோவை மாறிவிடும் என்பதால் கையில் இருக்கும் ஒவ்வொரு வடிவத்தையும் சேருங்கள். வாட்ஸ்அப் தனிச்செய்திகளில் போவதை இது தடுக்காது.

18 வயதுக்குக் கீழ் என்றால் டேக் இட் டவுன் என்ற தனிச் சேவை இருக்கிறது. இங்கே ஒரு கடுமையான எச்சரிக்கை: அந்தப் படத்தைச் "சான்றுக்கு" என்று சித்தப்பாவுக்கோ பள்ளிக்கோ வக்கீலுக்கோ வாட்ஸ்அப்பில் அனுப்பக் கூடாது. சிறார் படத்தைப் பரப்புவது தகவல் தொழில்நுட்பச் சட்டம் (ஐ.டி. சட்டம்) 67பி-யின் கீழ் குற்றம், அனுப்பியவர் அம்மாவாக இருந்தாலும் சிக்கல் வரும். போனையே நேரில் காட்டுங்கள்.

அடுத்து அந்தத் தளத்தின் குறைதீர் அலுவலருக்கு எழுதுங்கள். 2021 தகவல் தொழில்நுட்ப விதிகளின் 3(2)(பி) பிரிவின்படி, அந்தரங்கப் படமும் மார்ஃப் செய்த ஆள்மாறாட்டப் படமும் புகார் வந்த 24 மணி நேரத்துக்குள் நீக்கப்பட வேண்டும் என்று முதலில் இருந்தது. 2026 பிப்ரவரியில் வந்த திருத்தம் இந்தக் கெடுவை 2 மணி நேரமாக இறுக்கியிருக்கிறது. மனுவில் அந்த விதி எண்ணை எழுதுங்கள். உங்கள் சார்பில் வேறொருவரும் இந்தப் புகாரைத் தரலாம். கூகுள் தேடலுக்கு, ஒப்புதலில்லாத அந்தரங்கப் படங்களுக்கென்றே தனிப் படிவம் உண்டு. அதில் தேடல் பக்கத்தின் லிங்க், படம் இருக்கும் பக்கத்தின் லிங்க் இரண்டையும் கொடுங்கள்.

போலீஸ் புகாரைத் தள்ளிப்போடக் கூடாது. சைபர்கிரைம் டாட் ஜிஓவி டாட் இன் தளத்தில் பெண்கள், குழந்தைகள் பகுதியில் பெயர் சொல்லாமலும் பதியலாம். ஆனால் அப்படிப் பதிந்தால் புகாரின் நிலையைப் பின்தொடர முடியாது, எனவே முடிந்தவர்கள் பெயருடன் பதியுங்கள். பெங்களூரில் சென் எனப்படும் சைபர், பொருளாதார, போதைப்பொருள் குற்ற நிலையங்கள் இருக்கின்றன. பக்கத்து ஸ்டேஷனில் "சென்னுக்குப் போங்க" என்று சொன்னால் அது எப்போதும் தட்டிக்கழிப்பு ஆகாது. ஐ.டி. சட்டம் 78-ஆம் பிரிவுப்படி இந்தக் குற்றங்களை இன்ஸ்பெக்டர் நிலைக்குக் குறையாதவர்தான் விசாரிக்க வேண்டும். அதே சமயம், எல்லை எங்கள் நிலையத்துக்கு வராது என்று சொல்லி எஃப்ஐஆரை மறுக்கவும் முடியாது. குற்ற நடைமுறைச் சட்டமான பிஎன்எஸ்எஸ்-இன் 173-ஆம் பிரிவு எந்த எல்லையில் நடந்திருந்தாலும் பதியச் சொல்கிறது. அல்சூர், சிவாஜிநகர் பக்கம் பேசித் தமிழில் புரியவைக்க முடியும், ஆனால் எழுத்தில் தரும் புகார் கன்னடத்திலோ ஆங்கிலத்திலோ இருந்தால் வேலை வேகமாக நடக்கும். புகாரில் ஐ.டி. சட்டத்தின் 66இ, 67, 67ஏ பிரிவுகளைக் குறிப்பிடுங்கள். 67ஏ-யில் முதல் முறையே 5 ஆண்டு வரை சிறையும் 10 லட்சம் ரூபாய் வரை அபராதமும் உண்டு.

எஃப்ஐஆர் மறுக்கப்பட்டால் டிசிபிக்கு (துணை போலீஸ் கமிஷனர்) பதிவுத் தபாலில் புகார் அனுப்புங்கள். அதற்கும் பதில் இல்லையென்றால் மாஜிஸ்திரேட்டிடம் மனு. வக்கீல் தேவைப்படுவது இந்தக் கட்டத்தில்தான். பெண்களுக்கு வருமான வரம்பு பார்க்காமல் இலவசச் சட்ட உதவி உண்டு, 15100-க்கு அழைக்கலாம்.

## அறிகுறி 2: உங்கள் பெயரில், உங்கள் படத்தோடு வேறு கணக்கு

கணக்கு போலி, உங்களுடையது உங்கள் கையில்தான் இருக்கிறது. அந்தப் ப்ரொஃபைலின் மூன்று புள்ளியில் ரிப்போர்ட், ஆள்மாறாட்டம், "நான்தான்" என்று தேர்ந்தெடுங்கள். அரசு அடையாள அட்டை கேட்டால் கொடுக்கத்தான் வேண்டும். ஆதாரைத் தவிர்த்து டிரைவிங் லைசென்ஸ் கொடுக்கலாம். பெயரும் பிறந்த தேதியும் படமும் மட்டும் தெரியும்படி மற்றதை மறையுங்கள். நண்பர்கள் நூறு பேரை ரிப்போர்ட் செய்யச் சொல்வதைவிடப் பாதிக்கப்பட்டவரின் ஒரு புகாருக்கு எடை அதிகம். நூறு பேர் வீணாக உழைப்பதைப் பார்த்தால் வருத்தமாகத்தான் இருக்கிறது. அங்கே உங்களுக்குக் கணக்கே இல்லாவிட்டாலும் உதவிப் பக்கத்தில் படிவம் இருக்கும்.

புகார் தள்ளுபடியானால் அதே படிவத்தைத் திரும்பத் திரும்ப அனுப்பாதீர்கள். குறைதீர் அலுவலருக்கு மெயில் போடுங்கள். சாதாரணப் புகாருக்கு 24 மணி நேரத்தில் பெற்றுக்கொண்ட பதிலும், அதிகபட்சம் 7 நாளில் (2026 பிப்ரவரி வரை 15 நாள்) முடிவும் தர வேண்டும். முடிவு பிடிக்கவில்லை என்றால் 30 நாளுக்குள் குறைதீர் மேல்முறையீட்டுக் குழுவுக்குப் போகலாம். 2023-இல் மத்திய அரசு அமைத்த இந்தக் குழுவுக்கு எல்லாம் ஆன்லைனில்தான், கட்டணம் இல்லை, வக்கீல் வேண்டாம். இந்தப் படியைத் தாண்டி நேராகக் கோர்ட்டுக்குப் போகிறவர்கள் அதிகம்.

படம் மட்டும் திருடப்பட்டிருக்கிறது. செல்ஃபி என்றால் பதிப்புரிமை உங்களுடையது, பதிப்புரிமைப் புகார் வேகமாக வேலை செய்யும். கல்யாணத்தில் போட்டோகிராபர் எடுத்த படமென்றால் இந்த வழியில் போகாமல் ஆள்மாறாட்டப் புகாராகவே வையுங்கள்.

வேறு நம்பரில் உங்கள் டிபி வைத்து "அக்கா, அவசரமா 15 ஆயிரம்" என்று கேட்கிறார்கள். வாட்ஸ்அப்பில் அந்த நம்பரை ரிப்போர்ட் செய்வதோடு, தொலைத்தொடர்புத் துறையின் சஞ்சார் சாத்தி தளத்தில், மோசடி அழைப்பையும் செய்தியையும் புகார் செய்யும் சக்ஷு பகுதியிலும் பதியுங்கள். அதே தளத்தில் உங்கள் பெயரில் எத்தனை சிம் ஓடுகிறது என்று பார்த்து, உங்களுடையது இல்லாததை "என் நம்பர் இல்லை" என்று குறியுங்கள். டிபியை 'என் தொடர்புகள்' மட்டும் பார்க்கும்படி மாற்றுங்கள். யாராவது ஏமாந்து பணம் அனுப்பியிருந்தால் 1930-க்கு அழைக்க வேண்டியவர் பணம் போட்டவர், நீங்கள் அல்ல. ஐ.டி. சட்டத்தின் 66சி, 66டி பிரிவுகளில் புகார் நிற்கும்.

உங்கள் சொந்தக் கணக்கிலிருந்தே போகிறது. அப்படியென்றால் கணக்கு பறிபோயிருக்கிறது, பெயரைக் காப்பாற்றும் முன் கணக்கை மீட்க வேண்டும். முதலில் இணைக்கப்பட்ட கருவிகளைப் பார்த்துத் தெரியாததை வெளியேற்றுங்கள். வாட்ஸ்அப்பை மறுபடி நிறுவி எஸ்எம்எஸ்ஸில் வரும் 6 இலக்கத்தைப் போட்டதுமே அந்த ஆள் வெளியேறிவிடுவார். அதன்பின் உங்களுக்குத் தெரியாத பின் கேட்டால், அவர் வைத்துவிட்டுப் போன இரட்டைச் சரிபார்ப்பு அது. 7 நாள் காத்திருந்தால் பின் இல்லாமல் உள்ளே போகலாம். இடையில் அவராலும் எதுவும் அனுப்ப முடியாது. எஸ்எம்எஸ்ஸே வரவில்லை, சிக்னலும் போய்விட்டது என்றால் சிம் மாற்றப்பட்டிருக்கலாம். வேறு போனிலிருந்து வங்கிக்கு அழைத்துக் கணக்கை நிறுத்திவிட்டு உடனே ஆபரேட்டர் கடைக்குப் போங்கள்.

எல்லோருக்கும் அனுப்ப ஒரு செய்தி: "என் பெயரில், என் படத்தோடு வரும் செய்தி என்னுடையது இல்லை. பணம் அனுப்ப வேண்டாம், லிங்க்கைத் தொட வேண்டாம். ஸ்க்ரீன்ஷாட் எடுத்து எனக்கு மட்டும் அனுப்புங்கள், குரூப்பில் போட வேண்டாம்." கடைசி வரி முக்கியம். நல்ல மனதோடு குரூப்பில் எச்சரிக்கை போடுகிறவர்களாலேயே போலி கணக்கின் பெயர் இன்னும் பலருக்குப் போய்ச் சேர்கிறது.

## அறிகுறி 3: கடன் ஆப் உங்கள் காண்டாக்ட்ஸ் எல்லோருக்கும் "இவர் திருடர்" என்று அனுப்புகிறது

ஆப்பை உடனே அன்இன்ஸ்டால் செய்யத் தோன்றும். பொறுங்கள். ஆப் பெயர், கடன் ஒப்பந்தம், வாங்கிய தொகை, கட்டிய தொகை, பணம் கேட்கும் யுபிஐ ஐடி ஆகியவற்றை முதலில் படமெடுங்கள். பிறகு அமைப்புகளில் காண்டாக்ட்ஸ், படங்கள், மைக் அனுமதிகளைப் பறியுங்கள். ஏற்கெனவே ஏற்றிக்கொண்ட காண்டாக்ட்ஸ் இதனால் திரும்பி வராது, ஆனால் புதிதாக எதுவும் போகாது. ரிசர்வ் வங்கி 2022 செப்டம்பரிலிருந்தே கடன் ஆப்கள் காண்டாக்ட்ஸையும் கால் பட்டியலையும் தொடக் கூடாது என்கிறது. அதைக் கேட்ட ஆப் அந்த இடத்திலேயே விதி மீறிவிட்டது.

இனி கிளை இரண்டு. ஆப்பின் பின்னால் இருக்கும் கம்பெனி ரிசர்வ் வங்கியில் பதிவானதா என்று வங்கியின் தளத்தில் பாருங்கள். பதிவானது என்றால் அதன் குறைதீர் அதிகாரிக்கு எழுதுங்கள். 30 நாளில் தீராவிட்டால் ரிசர்வ் வங்கி ஆம்புட்ஸ்மேனுக்கு (குறைதீர்ப்பாளர்) ஆன்லைனில் புகார் செய்யலாம். பதிவு இல்லையென்றால் ரிசர்வ் வங்கியின் சசேத் தளத்திலும் சைபர் கிரைமிலும் புகார். "கட்டிவிட்டால் நிறுத்துவார்கள்" என்ற கணக்கு பதிவில்லாத ஆப்களிடம் எடுபடாது. கட்டிய பிறகும் பாக்கி என்று கேட்பதே அவர்கள் தொழில். மார்ஃப் படமும் வந்தால் அறிகுறி 1.

## அறிகுறி 4: வேலைக்கான பின்னணிச் சரிபார்ப்பில் "வழக்கு இருக்கிறது" என்று வருகிறது, உங்கள் மேல் வழக்கே இல்லை

இங்கே வாழும் தமிழர்களுக்கு மற்றவர்களைவிட அதிகமாக வரும் கோளாறு இது, காரணம் இனிஷியல். நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது. கம்பெனி படிவம் கடைசிப் பெயர் கேட்கும். ஒரு படிவத்தில் இனிஷியலை, இன்னொன்றில் அப்பா பெயரை, மூன்றாவதில் சொந்தப் பெயரையே இரண்டு முறை போட்டிருப்போம். சரிபார்க்கும் நிறுவனம் பெயரையும் முகவரியையும் நீதிமன்றப் பதிவுகளோடு ஒப்பிடும்போது "எஸ். முருகன்" என்று நூறு பேர் வருவார்கள்.

செலவில்லாத வழி முதலில். எச்.ஆரிடம் வழக்கு எண்ணையும் நீதிமன்றப் பெயரையும் எழுத்தில் கேளுங்கள். "வாயால் சொன்னார்கள்" என்பதை வைத்துக்கொண்டு எதையும் மறுக்க முடியாது. இ-கோர்ட்ஸ் தளத்தில் அந்த எண்ணைப் போட்டால் தரப்பினர் பெயரும் வழக்கின் நிலையும் வரும். உத்தரவு ஏற்றப்பட்டிருந்தால் அதில் அப்பா பெயர், வயது, ஊர் தெரியும். அப்பா பெயர் வேறு என்றாலே பாதி முடிந்தது. அந்தப் பக்கத்தையும் உங்கள் பத்தாம் வகுப்புச் சான்றிதழையும் சேர்த்து மறுப்பு மெயில் அனுப்பி, திருத்திய அறிக்கையின் நகலைக் கேட்டு வாங்குங்கள். வாங்காமல் விட்டால் அடுத்த கம்பெனியிலும் இதே கதைதான்.

போதவில்லை என்றால் கர்நாடக அரசின் சேவா சிந்து தளம் வழியாகப் போலீஸ் சரிபார்ப்புச் சான்றுக்கு விண்ணப்பியுங்கள். பெங்களூரில் முகவரி சமீபத்தில் மாறியிருந்தால் பழைய வீட்டின் வாடகை ஒப்பந்தத்தையும் கையில் வையுங்கள். சான்றிதழ்களில் பெயர் நாலு விதமாக இருந்தால், எல்லாம் ஒரே ஆள்தான் என்று நோட்டரி முன் ஒரு பிரமாணப் பத்திரம். அதற்குப் பிறகு எல்லா இடத்திலும் பாஸ்போர்ட்டில் உள்ளபடியே பெயரை எழுதுங்கள்.

வழக்கு உண்மையிலேயே உங்களுடையதாக இருந்து, விடுதலையாகியிருந்தால் மறைக்காதீர்கள். தீர்ப்பின் சான்றிட்ட நகலோடு முன்கூட்டியே சொல்லுங்கள். வழக்கு இருந்ததற்காக அல்ல, படிவத்தில் "இல்லை" என்று எழுதியதற்காகவே வேலை போகும்.

## அறிகுறி 5: பழைய செய்தி, பழைய தீர்ப்பு, பழைய பதிவு முதல் பக்கத்தில் வருகிறது

பக்கம் ஏற்கெனவே நீக்கப்பட்டுவிட்டது, கூகுளில் மட்டும் துணுக்கு தெரிகிறது. ஐந்து நிமிட வேலை. கூகுளின் காலாவதியான உள்ளடக்கத்தைப் புதுப்பிக்கும் கருவியில் லிங்க்கைக் கொடுங்கள். பக்கம் இன்னும் மாறாமல் உயிரோடு இருக்கும்போது கொடுத்தால் தள்ளுபடிதான்.

நீங்களே போட்ட பழைய பதிவு. கணக்கை அழிக்கும் முன் பதிவுகளை அழியுங்கள். ரெட்டிட்டில் கணக்கை மட்டும் அழித்தால் பதிவுகள் பெயரில்லாமல் அங்கேயே தங்கும், பிறகு நீங்களே தொட முடியாது. ஃபேஸ்புக்கில் செயல்பாட்டுப் பதிவேட்டில் ஆண்டு வாரியாகத் தேர்ந்தெடுத்து மொத்தமாக அழிக்கலாம். ஃபேஸ்புக்கும் இன்ஸ்டாகிராமும் கணக்கை அழிக்க 30 நாள் எடுக்கும், நடுவில் ஒருமுறை உள்ளே போனால் எண்ணிக்கை ரத்து.

உங்கள் போன் நம்பர் அல்லது வீட்டு முகவரி. கூகுள் கணக்கில் 'உங்களைப் பற்றிய முடிவுகள்' பகுதியில் நம்பரைப் பதிந்து வைத்தால் தேடலில் வரும்போது தெரிவிக்கும், நீக்கவும் கேட்கலாம். நீக்கக் காசு கேட்கும் தளங்களின் பக்கங்களைத் தேடலிலிருந்து எடுக்கக் கூகுளில் தனிக் கொள்கை இருக்கிறது. தளம் காசு கேட்ட மெயிலையோ பக்கத்தையோ சான்றாக இணையுங்கள், காசு கட்டாதீர்கள்.

கைதுச் செய்தி இருக்கிறது, விடுதலைச் செய்தி இல்லை. ஆசிரியருக்கு மரியாதையாக எழுதுங்கள். "நீக்குங்கள்" என்பதைவிட "விடுதலையானதைச் சேர்த்துத் தலைப்பைத் திருத்துங்கள்" என்று கேட்டால் சம்மதிக்க வாய்ப்பு அதிகம். தீர்ப்பின் சான்றிட்ட நகலை இணையுங்கள். அச்சில் வந்த செய்தி தவறு என்றால் இந்திய பத்திரிகை மன்றத்துக்குப் போகலாம், ஆனால் நாளிதழுக்கு வெளியான 2 மாதத்துக்குள் மனு போட வேண்டும்.

தீர்ப்பில் உங்கள் பெயர். பெங்களூரில் 2017 ஜனவரியில் கர்நாடக உயர் நீதிமன்றம் ஒரு பெண்ணின் பெயரை வழக்குத் தலைப்பில் மறைக்க உத்தரவிட்டது. 2024-இல் சென்னை உயர் நீதிமன்றம் விடுதலையான ஒருவரின் பெயரை மறைக்கச் சொன்னதை அதே ஆண்டு ஜூலையில் உச்ச நீதிமன்றம் நிறுத்தி வைத்தது. ஆகவே இது உறுதியான வழி அல்ல, செலவும் நேரமும் பிடிக்கும் ரிட் மனு. குடும்ப வழக்கு, பாலியல் குற்றத்தில் பாதிக்கப்பட்டவர் என்றால் காரணம் வலுவாக நிற்கும். சாதாரணப் பணத் தகராறு வழக்குக்கு இந்தச் செலவைப் பரிந்துரைக்க மாட்டோம். ஐரோப்பாவின் 'மறக்கப்படும் உரிமை' படிவத்தை இங்கிருந்து நிரப்பிப் பயனில்லை, அது அங்கே இருப்பவர்களுக்கு மட்டும்.

## அறிகுறி 6: அபார்ட்மென்ட் குரூப்பில், ஃபேஸ்புக்கில் உங்களைப் பற்றி அவதூறு

முதல் இரண்டு நாள் தங்கம். வாட்ஸ்அப்பில் எழுதியவர் சுமார் இரண்டரை நாளுக்குள் எல்லோருக்கும் அழிக்க முடியும். குரூப் அட்மினும் மற்றவர் செய்தியை அழிக்கலாம். அட்மினுக்குத் தனியாக போன் செய்து பேசுங்கள், குரூப்பில் கேட்காதீர்கள். "அண்ணா, தகவல் தவறு, ரசீது அனுப்புறேன், அதை எடுத்துடுங்க" என்ற ஒரு போன் பல வக்கீல் நோட்டீஸ்களைவிட நல்லது. மற்றவர் எழுதியதற்கு அட்மினைச் சிறைக்கு அனுப்புவேன் என்று மிரட்டாதீர்கள். உறுப்பினர் செய்த குற்றத்துக்கு அட்மின் தானாகப் பொறுப்பாக மாட்டார் என்று மும்பை, கேரள உயர் நீதிமன்றங்கள் சொல்லிவிட்டன.

பதில் எழுதியே ஆக வேண்டும் என்றால் ஒரே ஒரு முறை, மூன்று வரி, தேதியும் ஆவணமும் மட்டும். ஃபேஸ்புக்கில் ஒவ்வொரு பதிலும் அந்தப் பதிவை மேலே தள்ளும்.

ஸ்டேஷனில் "கோர்ட்டுக்குப் போங்க" என்றால் அவர்கள் சொல்வது சரியே. அவதூறு (குற்றவியல் சட்டமான பிஎன்எஸ்-இன் 356-ஆம் பிரிவு) போலீஸ் நேரடியாக எஃப்ஐஆர் போடும் குற்றம் அல்ல, மாஜிஸ்திரேட்டிடம் தனிப் புகாராகத்தான் போக வேண்டும். ஆனால் அதே பதிவில் கொலை மிரட்டலோ ஆபாசமோ பின்தொடர்ந்து தொல்லை கொடுப்பதோ இருந்தால் அந்தப் பகுதிக்கு எஃப்ஐஆர் கேளுங்கள். ஐ.டி. சட்டம் 66ஏ என்று எழுதாதீர்கள், அந்தப் பிரிவை உச்ச நீதிமன்றம் 2015 மார்ச் 24-லேயே ரத்து செய்துவிட்டது.

வக்கீலைப் பார்க்கும் நேரம்: பதிவு பொய் என்று காட்ட ஆவணம் இருக்கிறது, எழுதியவர் யார் என்று தெரியும், வேலையோ வரனோ தொழிலோ உண்மையில் பாதிக்கப்பட்டிருக்கிறது. மூன்றும் இருந்தால் நோட்டீஸ், பிறகு நகர சிவில் நீதிமன்றத்தில் தடையுத்தரவும் நஷ்டஈடும். யார் என்று தெரியாவிட்டாலும் அடையாளம் தெரியாதவர் மேல் 'அசோக் குமார்' வழக்காகப் போடலாம், செலவு அதிகம். சிவில் அவதூறு வழக்குக்கு வெளியான நாளிலிருந்து 1 ஆண்டுதான் கெடு. சமாதானப் பேச்சிலேயே அந்த ஓராண்டும் போய்விட்டால் அப்புறம் வக்கீலாலும் ஒன்றும் செய்ய முடியாது. எழுதியது உண்மை என்றால் நோட்டீஸ் அனுப்பாதீர்கள், அந்த நோட்டீஸே அடுத்த பதிவாக வரும்.

## அறிகுறி 7: ட்ரூகாலரில் தவறான பெயர் அல்லது ஸ்பாம்

உங்கள் நம்பரில் கணக்கு தொடங்கிப் பெயரைத் திருத்துங்கள். ஸ்பாம் என்று வந்தால், நம்பர் பழைய ஆளிடமிருந்து மறுசுழற்சியில் உங்களுக்கு வந்ததாகவும் இருக்கலாம், நீக்கக் கோருங்கள். மொத்தமாகப் பட்டியலை விட்டுப் போக வேண்டுமென்றால் முதலில் ஆப்பில் கணக்கை டீஆக்டிவேட் செய்து, பிறகு அவர்களின் நீக்கும் பக்கத்தில் +91 சேர்த்து நம்பரைக் கொடுங்கள். வரிசை மாறினால் வேலை செய்யாது.

## அறிகுறி 8: டியூஷன், மெஸ், தையல் கடை, கூகுள் மேப்ஸில் ஒரு நட்சத்திரம்

வந்த வாடிக்கையாளர் கோபமாக எழுதியது நீங்காது, கொள்கையில் அதற்கு இடமில்லை. பணிவாக ஒரு பதில் எழுதி விடுங்கள். வராத ஆள், போட்டியாளர், பழைய வேலைக்காரர், கெட்ட வார்த்தை, சாதி அல்லது மொழி வெறுப்பு என்றால் எந்த விதியை மீறுகிறது என்று சரியாகத் தேர்ந்தெடுத்து ரிப்போர்ட் செய்யுங்கள். மறுத்தால் மேல்முறையீடு ஒருமுறைதான் கிடைக்கும், அதில் சான்றைச் சேர்த்து எழுதுங்கள். பதிலுக்கு உறவினர்களை வைத்து ஐந்து நட்சத்திரம் போடுவது உங்கள் பக்கத்துக்கே ஆபத்து.

## "50 ஆயிரம் கொடுத்தால் கூகுளிலிருந்து எடுத்துத் தருகிறோம்" என்று அழைப்பு வந்தால்

என்ன வழியில் எடுப்பீர்கள் என்று எழுத்தில் கேளுங்கள். மேலே சொன்ன படிவங்களைத்தான் நிரப்புவார்கள் என்றால் அதை நீங்களே இலவசமாகச் செய்யலாம். புதுப் பக்கங்கள் எழுதிப் பழையதைக் கீழே தள்ளுவோம் என்றால் அது நேர்மையான வேலை, ஆனால் மாதக்கணக்கில் ஆகும். லிங்க்ட்இன் பக்கத்தை முழுதாக நிரப்புவதும், சொந்தப் பெயரில் ஒரு சிறு தளம் வைப்பதும் அதில் பாதியைத் தந்துவிடும். செய்திக் கட்டுரையை முன்தேதியிட்டு நகலெடுத்து "பதிப்புரிமை எங்களுடையது" என்று பொய்ப் புகார் போடுவோம் என்றால் உடனே விலகிவிடுங்கள். கூகுளுக்குப் போகும் நீக்கக் கோரிக்கைகள் பல லூமன் என்ற பொதுத் தரவுத்தளத்தில் பதிவாகின்றன, அதைப் பத்திரிகையாளர்கள் படிக்கிறார்கள். பொய்ப் புகார் உங்கள் பெயரில்தான் நிற்கும், ஏஜென்ட் பெயரில் அல்ல. ஆதாரையும் மெயில் பாஸ்வேர்டையும் முன்பணத்தோடு சேர்த்துக் கேட்பவருக்கு எதையும் கொடுக்காமல், அந்த நம்பரையும் சக்ஷுவில் பதிந்துவிடுங்கள்.